கேட்கத் தெரியாதவனுக்குக் கொடுப்பது யார்?

"அழுகிற பிள்ளைதான் பால் குடிக்கும்" என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். வாயைத் திறந்து கேள், கேட்டால்தான் கிடைக்கும் என்று கூச்சப்படும் பிள்ளைக்குத் துணிச்சல் கொடுக்கச் சொன்ன சொல் அது. அதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அழத் தெரியாத பிள்ளை என்ன ஆகும்? அதற்கும் பசி இருக்கிறது. ஆனால் யாரிடம் கேட்பது, எந்த மொழியில் கேட்பது, எந்தப் பாரத்தில் எழுதிக் கேட்பது என்று அதற்குத் தெரியாது. அந்தப் பிள்ளை பட்டினி கிடந்தால் குற்றம் யாருடையது? அழாத பிள்ளையுடையதா, பக்கத்தில் இருந்தும் பார்க்காத பெரியவருடையதா?

அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு நம் நாட்டில் அரசாங்கம் உதவி வழங்கும் முறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது. எங்கள் வட்டாரத்தில் சில குடும்பங்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுக்கவும், அவர்களோடு கவுண்டர் வரைக்கும் துணைக்குப் போகவும் எனக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. அங்கே பார்த்ததை வைத்து, இதை ஓர் அறக் கேள்வியாக இளைஞர்கள் முன் வைக்க நினைக்கிறேன்.

முதலில், இருப்பது என்ன என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். 'அரசாங்கம் ஒன்னுமே செய்யல' என்று காப்பிக் கடையில் பேசுவது சுலபம். அது உண்மை இல்லை. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. அதன் எண் 685. 2010 ஜூலையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை மலேசியா சில ஒதுக்கீடுகளோடு ஏற்றுக்கொண்டது. சமூக நல இலாகா, நாம் 'ஜேகேஎம்' என்று சொல்வது, ஓகேயு கார்டு கொடுக்கிறது. வேலை செய்ய இயலாதவர்களுக்கான மாத உதவித்தொகை 2021 வரவு செலவுத் திட்டத்தில் 250 ரிங்கிட்டிலிருந்து 300 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் மாற்றுத்திறனாளிகளுக்கான தொகை 400-லிருந்து 450 ஆனது. 1984-இல் திரெங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய சமூக மறுவாழ்வு மையங்கள், அதாவது 'பிடிகே', இன்று நாடு முழுக்க இருக்கின்றன. பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்புகள் உண்டு. 2019 முதல் எந்தப் பிள்ளையையும் பள்ளியில் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையும் நடப்பில் இருக்கிறது.

ஆக, பானையில் பால் இருக்கிறது. அது பிள்ளையின் வாய்க்குப் போய்ச் சேரும் வழியில்தான் சிக்கல்.

அந்த வழியைப் பாருங்கள். பிள்ளைக்கு என்ன குறைபாடு என்று சொல்ல வேண்டியது மருத்துவமனை; அது சுகாதார அமைச்சின் கீழ். கார்டும் உதவித்தொகையும் பிடிகேயும் மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் கீழ். பள்ளி, கல்வி அமைச்சின் கீழ். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டையில் ஏதாவது கோளாறு இருந்தால் தேசியப் பதிவு இலாகா. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கோப்பு திறக்கப்படுகிறது. ஒரு வாசலில் சொன்னதை அடுத்த வாசலில் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இந்த வாசல்களை எல்லாம் இணைக்கும் கம்பி யார் தெரியுமா? அந்தப் பிள்ளையின் அம்மா. போட்டோஸ்டேட் நகல்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, பாதி நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, கிராப் பிடித்து வருகிறாரே, அவர்தான் இந்த நாட்டின் ஒருங்கிணைப்பு அதிகாரி. அவருக்கு மலாய் சரளமாக வராவிட்டாலோ, உடம்புக்கு முடியாமல் போனாலோ கம்பி அறுந்துவிடும்.

இன்னொன்று. ஓகேயு பதிவு கட்டாயம் இல்லை. விரும்புகிறவர் விண்ணப்பிக்கலாம். மருத்துவ அதிகாரி பாரத்தில் உறுதிப்படுத்த வேண்டும், பிறகு வட்டார சமூக நல அலுவலகம் பதிவு செய்யும். கண் தெரியாதவரோ காது கேளாதவரோ தகவல் சரியாகக் கிடைத்தால் தாமே விண்ணப்பிக்க முடியும். ஆனால் அறிவுத்திறன் குறைபாட்டின் இயல்பு என்ன? நடைமுறைகளைப் புரிந்துகொள்வது, எதை முதலில் செய்ய வேண்டும் என்று திட்டமிடுவது, தன் நிலையைச் சொற்களில் விளக்குவது, இவைதான் அவருக்குக் கடினம். விண்ணப்பிக்கும் வேலைக்குத் தேவைப்படுவதும் அதே திறமைகள்தான். காலில்லாதவருக்கான உதவியை மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் வைத்துக்கொண்டு 'வந்து வாங்கிக்கோங்க' என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

685-ஆம் சட்டம் மாற்றுத்திறனாளி யார் என்று சொல்லும் விதம் இங்கே கவனிக்க வேண்டியது. நீண்டகாலக் குறைபாடு மட்டும் ஒருவரை மாற்றுத்திறனாளி ஆக்குவதில்லை. அந்தக் குறைபாடும் சுற்றியுள்ள தடைகளும் சேரும்போதுதான் சமுதாயத்தில் அவருடைய முழுப் பங்கேற்பு தடைப்படுகிறது என்ற கருத்தில் அந்த விளக்கம் அமைந்திருக்கிறது. அப்படியென்றால் கேட்கத் தெரியாதவரைக் கேட்கச் சொல்லும் கவுண்டரும் ஒரு தடைதானே? சட்டத்தின் சொந்த விளக்கப்படியே பார்த்தால், உதவி செய்ய வந்த முறையும் அந்த இயலாமையின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது.

இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. நியாயமான பதில்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பேசினால் அது விவாதம் ஆகாது.

முதல் பதில், பொதுப் பணம். மக்கள் வரிப் பணத்தைக் கொடுக்கிற அதிகாரி அத்தாட்சி கேட்கத்தான் வேண்டும். கேட்காமல் கொடுத்தால் பொய் சொல்லி வாங்குகிறவன் வாங்கிக்கொண்டு போவான், உண்மையில் தேவைப்படுகிறவருக்கு மிஞ்சாது. கவுண்டரில் இருப்பவர் கெட்டவர் இல்லை. அவர் மேசையில் முதியோர், தனித்து வாழும் தாய்மார், கைவிடப்பட்ட பிள்ளைகள் என்று எல்லாக் கோப்பும் குவிந்து கிடக்கும். விதியைப் பார்த்து வேலை செய்வது அவருடைய நேர்மை. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அத்தாட்சி தேவை என்பது ஒன்று. அந்த அத்தாட்சியைத் தேடிச் சேர்க்கும் பாரம் யார் தலையில் என்பது வேறொன்று. டவுன் சிண்ட்ரோமோடு ஒரு குழந்தை பிறந்தால் அரசாங்க மருத்துவமனைக்கு அன்றைக்கே தெரியும். அத்தாட்சி அரசாங்கத்தின் ஒரு கையில் இருக்கும்போதே, இன்னொரு கைக்கு அதைக் கொண்டு போய்க் கொடு என்று அம்மாவை அலைய விடுவது நேர்மையைக் காப்பாற்றுவதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது பதில் கனமானது. பதிவு கட்டாயம் இல்லை என்று வைத்ததே மரியாதைதான் என்று சிலர் சொல்கிறார்கள். ஒருவரைக் கேட்காமல் 'நீ குறைபாடு உள்ளவன்' என்று அரசாங்கம் முத்திரை குத்தினால் அது நல்லதா? எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மா என்னிடம் இதையே வேறு விதமாகக் கேட்டார். "என்னாத்துக்கு தம்பி அந்தக் கார்டு? நாளைக்கு இவன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்க வர்றவங்க என்ன நெனைப்பாங்க?" அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. நம் சமுதாயம்தான் அவருக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தது.

ஆனாலும் கட்டாயப்படுத்துவதற்கும் கைவிடுவதற்கும் நடுவில் ஒரு பெரிய இடம் இருக்கிறது. வீடு தேடி வந்து, 'இப்படி இப்படி உதவி இருக்கிறது, உங்களுக்கு வேண்டுமா?' என்று கேட்பது முத்திரை குத்துவது ஆகாது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை, என்ன இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் உண்மையான உரிமை. தெரியாமல் விட்டுப்போனதை 'அவங்க விருப்பம்' என்று கணக்கெழுதுவது சரியில்லை.

அரசாங்கத்தால் தேடி வர முடியாது என்றும் சொல்ல முடியாது. 2021 டிசம்பர் 15-க்கு முன்பு வாக்காளராக வேண்டுமென்றால் நாம்தான் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். அன்றிலிருந்து 18 வயது நிரம்பிய குடிமகனின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறுகிறது. இந்த இதழைப் படிக்கும் தம்பி தங்கைகளில் பலர் ஒரு பாரமும் நிரப்பாமல் வாக்காளர் ஆனவர்கள்தான். உரிமை என்று ஒன்றை மனதார ஒப்புக்கொண்டுவிட்டால் அரசாங்கம் விண்ணப்பத்துக்குக் காத்திருப்பதில்லை என்பதை அது காட்டுகிறது. காத்திருக்கிறது என்றால், அதை இன்னும் சலுகையாகத்தான் நினைக்கிறது என்று பொருள்.

வள்ளுவர் 'ஒப்புரவறிதல்' என்று ஓர் அதிகாரமும் 'ஈகை' என்று அடுத்த அதிகாரமும் வைத்திருக்கிறார். 22-ஆவதும் 23-ஆவதும். இரண்டும் கொடுப்பதைப் பற்றியதுதானே, எதற்கு இரண்டு என்று சின்ன வயதில் நான் யோசித்தது உண்டு. ஈகை, இல்லாதவருக்கு இரங்கிக் கொடுப்பது. ஒப்புரவு, ஊரோடு ஒத்து வாழ்கிறவன் தன் கடமை என்று அறிந்து செய்வது. ஈகையில் கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே. ஒப்புரவில் அந்த மேடு பள்ளம் இல்லை. பின்னால், பொருட்பாலில் 'இரவச்சம்' என்று, கையேந்துவதற்கு அஞ்சுவதைப் பற்றியே தனியாக ஓர் அதிகாரம் வருகிறது. ஒரு மனிதனைக் கேட்க வைப்பதிலேயே ஒரு சிறுமை இருக்கிறது என்று நம் முன்னோர்கள் உணர்ந்திருந்தார்கள். மாற்றுத்திறனாளிக்கான அரசு உதவி எந்த அதிகாரத்தில் சேர வேண்டும்? என் பதில், ஒப்புரவில். அந்தப் பிள்ளையும் இந்த நாட்டின் குடிமகன். அவன் அப்பா வாங்கும் சாமானிலும் வரி இருக்கிறது. அவனுக்குச் சேர வேண்டியதை அவனுக்குச் சேர்ப்பது தயவு இல்லை.

சட்டமோ இன்னும் ஈகை பக்கம்தான் நிற்கிறது. 2008-இல் வந்த வடிவத்தில், மாற்றுத்திறனாளியின் உரிமையை மீறியவருக்கு அந்தச் சட்டம் தண்டனை எதுவும் வைக்கவில்லை. அரசாங்கத்தின் மீது வழக்குப் போட முடியாதபடி ஒரு பாதுகாப்புப் பிரிவும் அதில் சேர்க்கப்பட்டது. கொடுக்காவிட்டாலும் கேள்வி இல்லை என்றால் அதற்கு உரிமை என்று பெயர் வைக்கலாமா?

அரசாங்கத்தைக் கேட்டுவிட்டோம். இனி நம்மைக் கேட்க வேண்டும், ஏனென்றால் இது இந்து இளைஞர்களின் இதழ். இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் நம்மிடையே பலர் முதலில் சொல்லும் சொல் 'போன ஜென்மத்துக் கர்மா'. சொல்கிறவர் ஆறுதலுக்குத்தான் சொல்கிறார். கேட்கிற அம்மாவுக்கோ அது தீர்ப்பாக விழுகிறது. அதனால் பிள்ளை உள் அறையில் வளர்கிறான், கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் கூட்டிப் போவதில்லை, கார்டுக்கும் விண்ணப்பிப்பதில்லை.

கர்மக் கொள்கையை நான் நம்புகிறேன். நம்புகிறவன் என்ற முறையில்தான் கேட்கிறேன்: அடுத்தவனுடைய வினைக்கணக்கைப் படிக்கும் அதிகாரம் நமக்கு யார் கொடுத்தது? கர்மா என்பது என் செயலுக்கு நான் பொறுப்பு என்று எனக்குச் சொல்லும் போதனை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நிலைக்குக் காரணம் சொல்ல அது என் கையில் கொடுக்கப்படவில்லை. என் முன்னால் ஒருவன் உதவி தேவைப்பட்டு நிற்கிறான் என்றால், அந்த நிமிடத்தில் எழுதப்படுவது அவன் கர்மா அல்ல, என் கர்மா. கோயில் கருவறையில் இருக்கிற அதே இறைவன் எல்லா உயிரிலும் இருக்கிறான் என்று வாரந்தோறும் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். நூறு வரை எண்ணத் தெரியாத உயிரில் மட்டும் அவன் இல்லாமல் போய்விடுவானா?

கவுண்டரில் நான் பார்த்த இன்னொரு விஷயம் உண்டு. இருபது வயதைத் தாண்டிய ஓர் இளைஞனோடு அவன் அம்மா உட்கார்ந்திருப்பார். அதிகாரி கேட்பதெல்லாம் அம்மாவிடம்தான்: பெயர் என்ன, என்ன சாப்பிடுவான், தானே குளிப்பானா. அவன் நடுவில் ஒரு சாமானைப் போல இருப்பான். நானும் கூடப் போகிறவன் என்ற முறையில் அம்மாவிடம்தான் பேசுவேன். ஒரு நாள் ஓர் அதிகாரி, வயதான மலாய்க்கார அம்மா, பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்து மெதுவாக, "ஸியாப்பா நாமா?" என்று கேட்டார். அவன் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த அம்மா காத்திருந்தார். அவன் தன் பெயரைச் சொன்னான். பிறகு "கோயில் மணி அடிப்பேன்" என்று தமிழில் சொன்னான். யாரும் கேட்காமல், தனக்கு எது பிடிக்கும் என்று அவனாகச் சொன்ன சொல் அது. பாரத்தில் அதை எழுத ஒரு கட்டம் இல்லை. ஆனால் பிடிகேயில் அவனை என்ன பயிற்சியில் சேர்க்கலாம் என்ற பேச்சு அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்கியது. விதியை மீறாமலே ஒருவரை மனிதராக நடத்தலாம் என்று அன்றைக்கு அந்த அதிகாரி காட்டினார். அதற்கு ஆனது ஒரு நிமிடம்.

இதில் எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. எந்த அம்மாவிடம் பேசினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறார்: "எனக்கு அப்புறம் இவன யாரு பாப்பா?" பள்ளி முடிந்துவிட்டால் வகுப்பு இல்லை. பிடிகே பகல் நேரத்துக்கு மட்டும். சுங்கத் தெரு கடையில் யாராவது வேலை கொடுத்தாலும் அங்கே பக்கத்திலிருந்து பழக்கிவிட ஆள் வேண்டும். செராஸ், சிரம்பான், தம்போய் போன்ற இடங்களில் சமூக நல இலாகாவின் தாமான் சினார் ஹராப்பான் இல்லங்கள் உண்டு. ஆனால் இல்லம் வீடு ஆகாது. 18 வயது ஆகிவிட்டால் சட்டப்படி அவன் பெரியவன். அவன் பெயரில் உள்ள பணத்தையோ வீட்டையோ பராமரிக்க ஒருவரை நியமிக்க வேண்டுமென்றால் 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தோட்டத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் எத்தனை பேர் உயர் நீதிமன்றப் படி ஏறும்? பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், இப்படிப்பட்டவர்களுக்காகப் பெற்றோர் சேமித்து வைத்துவிட்டுப் போகும் பணத்தை நிர்வகிக்க, அரசாங்க ஆதரவோடு லாப நோக்கமில்லாத ஓர் அறக்கட்டளை நிறுவனம் இயங்குகிறது. பணம் எல்லாவற்றையும் தீர்க்காது. ஆனால் 'அப்புறம்' என்ற சொல்லுக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது என்று தெரிந்தால் அந்த அம்மா இரவில் கொஞ்சம் தூங்குவார்.

அப்படியானால் நாம் என்ன செய்வது? தீபாவளிக்கு ஹேம்பர் கொடுத்து, பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு வருவதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிஸ்கட் டின் ஒரு வாரத்தில் காலியாகிவிடும். ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பேர் ஓகேயு பாரத்தையும், தேவையான பத்திரங்களையும், அருகிலுள்ள பிடிகேயின் முகவரியையும் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். மலாய் நன்றாகப் பேசும் தம்பி ஒருவன் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி ஓர் அம்மாவோடு போய் உட்கார்ந்தால், அது எந்த அன்னதானத்துக்கும் குறைந்தது இல்லை. நம் திருமுறை வகுப்பில் அப்படி ஒரு பிள்ளைக்கும் பாயில் ஓர் இடம் போட்டு வைப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இங்கே ஒரு நண்பர் என்னை மடக்கினார். "நீங்க போய்ப் போய்ச் செஞ்சா, கவர்மெண்டு அது பாட்டுக்குச் சும்மா இருந்திடுமே?" நல்ல கேள்வி. ஓட்டையை நாமே அடைத்துக்கொண்டிருந்தால் வீட்டுக்காரர் கூரை மாற்றமாட்டார்தான். ஆனால் மழையில் நனைகிற பிள்ளையை, கூரைக்காரருக்குப் பாடம் கற்பிக்க வேண்டும் என்று நனைய விடவும் முடியாது. இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். துணைக்குப் போகிறவர், எத்தனை முறை அலைந்தோம், எந்தப் பத்திரம் இரண்டாவது முறை கேட்கப்பட்டது, எத்தனை மாதம் ஆனது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். அந்தக் கணக்கைக் கிளையின் பெயரில் நாடாளுமன்ற உறுப்பினருக்கும், அமைச்சர் தலைமையில் இயங்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய மன்றத்துக்கும் அனுப்புவோம். மருத்துவமனைக்குத் தெரிந்ததும் சமூக நல அலுவலகமே குடும்பத்தைத் தேடி வந்து 'வேண்டுமா?' என்று கேட்கட்டும் என்று அதில் ஒரே ஒரு கோரிக்கை வைப்போம். இதைக் கேட்பது பிச்சை இல்லை. நமக்காகக் கேட்பதுகூட இல்லை.

அழத் தெரியாத பிள்ளைக்காக அழுகிற தொண்டை நம்முடையதாக இருக்கட்டும். ஆனால் நாம் கேட்க வேண்டியது ஒரு வேளைப் பால் மட்டும் அல்ல, எந்தப் பிள்ளையும் அழுதால்தான் பால் என்ற வழக்கமே மாற வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான். இந்த மாதக் கிளைக் கூட்டத்தில் ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்: நம் வட்டாரத்தில் உள் அறையில் வளர்கிற பிள்ளை யார் வீட்டில் இருக்கிறது?